காட்டுக்கோழிக்கு சின்னக் கலிபர் றைபிள்: 22, 17, 222… எதைத்தான் எடுக்கிறது?

எல்வெரும்பெடியன்:

வணக்கம் எல்லாருக்கும். இவ்வளவு நாளும் வாசிச்சுக்கொண்டு மட்டும்தான் இருந்தனான், எழுதுறது இதுதான் முதல்தரம். இந்த வசந்தத்தில யேகர்ப்ரோவன், இங்க நோர்வேயில வேட்டைக்காரருக்கு வைக்கிற சோதனை, பாஸ் பண்ணிட்டன், வேலை முடிஞ்சு பின்னேரம் பின்னேரமாப் போயிருந்து 30 மணித்தியாலக் கோர்ஸ், பாதி நேரம் நித்திரை, எண்டாலும் பாஸ். வீட்டில ஒரு 12 போர் சன்னத் துவக்கு இருக்கு, கிட்டத் தூரத்துக்குத்தான் சரி. இப்ப பிரச்சினை என்னெண்டா, போன டிசம்பர் வேலையிடத்து நோர்வேக்காரன் ஒருத்தனோட றெண்டாலன் பக்கம் சும்மா கூடப்போனனான், காலமை ஒன்பதரை இருக்கும், சூரியன் இப்பத்தான் எட்டிப்பார்க்குது, ஒரு பேர்ச் மரத்து உச்சியில ஒன்பது ஓர்ஹானே, அதுதான் கறுப்புக் காட்டுக்கோழிச் சேவல், கறுப்புச் சட்டியள் கவிட்டு வைச்ச மாதிரி இருந்து மொட்டைக் கொறிக்குதுகள். தூரம் 150 மீற்றர். என்ர 12 போரை வைச்சு என்ன செய்யிறது, பார்த்துக்கொண்டு நிண்டதுதான்.

அதால இந்த முறை ஒரு சின்ன றைபிள் எடுக்கிற யோசனை. ஸ்கோப்போட சேர்த்து 12 ஆயிரம் குரோனருக்குள்ள முடிக்கவேணும், இல்லாட்டி மனிசி என்னைத்தான் முதல்ல சுடுவா. எந்தக் கலிபர், அதுதான் ரவையின்ர தடிப்பு, எண்டதிலதான் குழப்பம்: கடைக்காரன் 17 எச்எம்ஆர் எண்டுறான், நண்பன் எல்க் எண்ட பெரிய மானுக்குச் சுடுற தன்ர எல்க் றைபிளையே கொண்டு வாறான், கோர்ஸில படிப்பிச்ச கிழவர் 22 எல்ஆர் காணும் எண்டு சொன்னவர். தியூருக்கும் (பெரிய காட்டுக்கோழி) ஓர்ஹானேக்கும்தான் வேணும், யார்பே (சின்னக் காட்டுக்கோழி) கிடைச்சா சந்தோசம். ஆராவது வடிவா விளங்கப்படுத்துங்கோ.

பதினேழு_ரசிகன்:

17 எச்எம்ஆர் எடுங்கோ, கதை முடிஞ்சுது. ரவை 1.1 கிராம், வாயில 770 மீற்றர் வேகம், 100 மீற்றருக்கு சீறோ பண்ணிட்டா, அதாவது அந்தத் தூரத்தில குறியும் ரவையும் ஒரே இடத்தில படுற மாதிரி ஸ்கோப்பைச் சரிபண்ணிட்டா, 130 மட்டும் ஒண்டும் யோசிக்கத் தேவையில்லை, நேர புடிச்சு நேர அமத்து. உதை இல்லை, சத்தம் குறைவு, சைலன்சர் போட்டா பக்கத்து மரத்துப் பறவைக்கே விளங்காது. நான் சிசெட் 457 றைபிள் வைச்சிருக்கிறன், 100 மீற்றரில அஞ்சு ரவையும் ஒரு ஐஞ்சு குரோனர் காசுக்குள்ள நிக்கும்.

டிரிபிள்ரூ:

தம்பி, மேல சொன்னவர் பொய் சொல்லேல்லை, ஆனா அரைவாசிதான் சொல்லியிருக்கிறார். நான் லியர்னவில இருக்கிறன், ஸ்கியில போய் உச்சிமர வேட்டை, நோர்வேக்காரர் தொப்யாக்ட் எண்டுறது, அதைத்தான் பத்துப் பன்னிரண்டு வருசமா செய்யிறன், 17 ஐயும் ரெண்டு சீசன் வைச்சிருந்தனான்.

முதல்ல காத்து. 1.1 கிராம் எண்டா ஒரு புளியங்கொட்டைக்குக் கிட்டவான நிறைதான், வெளியில சின்னக் காத்து, செக்கனுக்கு நாலஞ்சு மீற்றர், மரக்கொப்பு மெல்ல ஆடுற அளவு, அதுக்கே 100 மீற்றரில எட்டு ஒன்பது சென்ரிமீற்றர் தள்ளிப்போடும். 150க்குப் போனா அதைப்போல ரெண்டு மடங்குக்கு மேல. ஓர்ஹானேயின்ர உயிர்நிலை உங்கட உள்ளங்கை அளவுகூட இல்லை. அடுத்தது அந்தப் பிளாஸ்டிக் முனை ரவை. நெஞ்சில பட்டா உள்ளுக்க வெடிச்சு, நீங்கள் வீட்ட கொண்டு போறது ரெண்டு காலும் கொஞ்சச் செட்டையும்தான். 20 கிரெயின் (1.3 கிராம்) பாரமான ரவை போட்டா கொஞ்சம் பரவாயில்லை, ஆனா அதுக்கு வேகம் குறைஞ்சு வளைவு கூடும், பிறகென்ன 17?

தியூர் எண்டா நாலு கிலோ, சிலது அதுக்கும் மேல. அவன்ர இறகும் எலும்பும் கோழியின்ர மாதிரி இல்லை, கழுகு மாதிரி. ஓரமாப் பட்டா எழும்பிப் போய் முன்னூறு மீற்றருக்கு அங்கால காட்டுக்க விழும், நீங்கள் நாள் முழுக்கத் தேடினாலும் நரிதான் சாப்பிடும்.

என்ர கணக்கு: 222 றெமிங்டன், ஃபுல் மெற்றல் ஜாக்கெற் ரவை, அதுதான் முழுக்க உலோக உறை போட்டது, 3.2 கிராம் அல்லது 3.6. 1950 இல வந்த கலிபர், பழசு எண்டு சிரிப்பினம், சிரிக்கட்டும். வேகம் 950 கிட்ட, 100 மீற்றரில ரெண்டு சென்ரிமீற்றர் மேல வைச்சா 150 வரைக்கும் நடுவில புடிச்சு சுடலாம். ரவை உடையாம ஊடுருவிப் போறதால பென்சில் ஓட்டை மாதிரி ஒரு ஓட்டை, இறைச்சி கிடக்கும். நோர்மா யாக்ட்மாட்ச், சாக்கோ, லாப்புவா எல்லாத்திலயும் இருக்கு. ஆனா ஒண்டு, அந்த ரவை வெடிக்காது, அதால சும்மா உடம்பு நடுவில விடக்கூடாது, செட்டை மடிஞ்சு நிக்கிற இடத்தில முன்பக்கமா, ரெண்டு தோளுக்கும் குறுக்கால போகோணும். குடலில பட்டா பறந்துபோய்ச் செத்துப்போகும், பாவம்.

பதினேழு_ரசிகன்:

புளியங்கொட்டையாம் 😂 காத்தடிச்சா நான் சுடுறேல்லை, அவ்வளவுதான். 222 ரவை விலை கூட, ஒரு பெட்டி 22 எல்ஆர் எடுக்கிற காசுக்கு உங்கட 222 கொஞ்ச ரவைதான் வரும், பெடியன் எங்க பழகுறது?

வன்னியான்:

ரெண்டுபேரும் கொஞ்சம் பொறுங்கோ. தம்பி, நீ கேள்வியைத் தலைகீழாக் கேக்கிறாய். கலிபர் கடைசிக் கேள்வி. முதல் கேள்வி, நாயோட போறியோ பனியில தனியப் போறியோ?

நான் 88 இல இங்க வந்தனான், முதல் ஆறு வருசம் பின்மார்க்கில மீன் பக்றரி, பிறகு தெற்க இறங்கி இப்ப ஸ்ரெயின்சியர் பக்கம். ஊரில அப்பா இடியன் துவக்கு வைச்சிருந்தவர், வன்னிக் காட்டில ஒரு வெடிதான், அது தவறினா திரும்ப மருந்து இடிச்சு, சன்னம் போட்டு, துணி அடைச்சு முடியேக்க பண்டி அடுத்த ஊருக்குப் போயிருக்கும். அதால அவர் ஒருநாளும் தூரத்தில வைச்சு வெடி வைக்கமாட்டார். நான் அந்தப் பழக்கம்தான். என்னட்ட ஒரு ஃபின்ஸ்க் ஸ்பிற்ஸ் நாய் இருக்கு, சிவலை, நரி மாதிரி மூஞ்சை. அது காட்டுக்க போய் பறவையைக் கிளப்பி மரத்தில ஏத்திப்போட்டு அடியில நிண்டு குலைக்கும், தியூர் மேல இருந்து நாயையே பார்த்துக்கொண்டிருப்பான், கொறகொறண்டு ஒரு சத்தம் போடுவான், அந்த நேரம் நான் நாய் குலைக்கேக்க மட்டும் அடி எடுத்து வைக்கிறது, நாய் நிப்பாட்டினா நானும் நிக்கிறது. செப்ரெம்பர் ஒக்ரோபர் எண்டா ஸ்ப்ரூஸ் காட்டுக்க 40 மீற்றருக்கு மேல எதுவுமே தெரியாது. அங்க 222 என்னத்துக்கு? 22 எல்ஆரை விடக் கொஞ்சம் பலமான 22 மேக்னமே தாராளம், ஓர்ஹானேக்கு 22 எல்ஆரும் காணும், ஆனா 50 மீற்றருக்குள்ள, சாஞ்சு நிண்டு சுடத் தெரிஞ்சவனுக்கு.

நான் வைச்சிருக்கிறது பழைய வல்மெற் 412, மேல 12 போர் குழல், கீழ 222. கிட்டவா எழும்பினா சன்னம், தூர இருந்தா ரவை. பாரம்தான், நாள் முழுக்கத் தூக்கினா தோள் கழண்டுபோகும்.

நீ சொன்ன ஒன்பது பறவைக் கதை பனிவேட்டைக் கதை. அதுக்கு டிரிபிள்ரூ சொல்லுறது சரி. ஆனா இன்னொண்டு அவர் சொல்ல மறந்திட்டார். அந்த ஒன்பது பறவைக்கும் பின்னால என்ன இருந்தது?

எல்வெரும்பெடியன்:

பின்னாலயோ? வானம் அண்ணை.

வன்னியான்:

அப்ப சுடக்கூடாது. உச்சியில இருக்கிற பறவைக்குச் சுடுற ரவை மேலதான் போகும். 22 எல்ஆர் ஒன்றரைக் கிலோமீற்றர் போகும், 222 ரெண்டரை மூண்டு, எல்க் றைபிள் நாலுக்கு மேல. அங்கால ஆற்ற ஹுத்தை (காட்டு வீடு) இருக்கோ, எந்தப் பிள்ளை ஸ்கியில போகுதோ உனக்குத் தெரியாது. ஃபுல் மெற்றல் ரவை பறவையின்ர உடம்பில நிக்கவே நிக்காது, ஊசி துணிக்குள்ளால போறமாதிரிப் போகும். மலைச்சரிவு பின்னுக்கு நிக்கிற இடமாப் பார், நீ மேல நிண்டு மரம் கீழ நிண்டா இன்னும் நல்லம். இடம் தேடுறதுதான் வேட்டை, சுடுறது ரெண்டு செக்கன்.

கொங்குதம்பி:

அண்ணா நான் கோயம்புத்தூர், இந்த பக்கம் சும்மா சுத்திட்டு இருந்தேன், படிச்சா செம இன்ட்ரஸ்டிங்கா இருக்கு. இங்கெல்லாம் 72 வன உயிரின சட்டம் வந்த அப்புறம் காட்டுக்கோழிய கையில புடிச்சாலே கேஸ், ரைஃபிள் லைசென்ஸ் வாங்கறதுக்குள்ள தாத்தா ஆயிருவோம். அங்க அரசாங்கமே விடறாங்களா? பறவை தீர்ந்து போயிறாதா? தப்பா கேக்கல, தெரிஞ்சிக்க கேக்கறேன்.

உப்சாலா_அக்கா:

தப்பே இல்லை தம்பி, நல்ல கேள்வி. இங்க காலம் குறிச்சு விடுறவை. நோர்வேயில தியூரும் ஓர்ஹானேயும் செப்ரெம்பர் 10 இல தொடங்கி டிசம்பர் 23 இல முடியும், முட்டை, குஞ்சு காலத்தில ஒருத்தரும் தொடமுடியாது. காணிக்காரனிட்டயோ அரசாங்கக் காட்டிலயோ காசு கட்டி அட்டை எடுக்கோணும், அதில ஒரு நாளைக்கு எத்தினை எண்டு போட்டிருக்கும், வருசம் குஞ்சு குறைவா இருந்தா அந்த எண்ணிக்கையைக் குறைப்பினம், சில இடத்தில மூடியும் விடுவினம். சுட்டதுக்குக் கணக்கும் குடுக்கோணும்.

எங்கட ஸ்வீடனில விதி வேற. ரவையை நாலு வகுப்பாப் பிரிச்சு வைச்சிருக்கு, பெரிய மிருகத்துக்கு 1, கடைசி 4, 22 எல்ஆர் அந்த நாலில. எந்தப் பறவைக்கு எந்த வகுப்பு எண்டு பார்த்துத்தான் கொண்டுபோகலாம். அதால எல்லை தாண்டி இங்க வந்து சுட நினைக்கிறவை நோர்வே நினைப்பில 22 ஐத் தூக்கிக்கொண்டு வராதேங்கோ. காலமும் வேற, வடக்குப் பக்கம் சேவலுக்கு மட்டும் ஜனவரி கடைசி மட்டும் விடுறவை.

எல்வெரும் தம்பிக்கு என்ர அபிப்பிராயம்: உங்களிட்ட நாய் இல்லை, நண்பன் பனியில போறவன், அப்ப 22 எல்ஆர் வேண்டாம். 50 இல சீறோ பண்ணின 22, 100 மீற்றரில குறியை விட பதினைஞ்சு சென்ரிமீற்றருக்கும் கூடக் கீழ விழும். தூரத்தை இருபது மீற்றர் பிழையா எடுத்தியளெண்டா கொப்பைத்தான் சுடுவியள். ஆனா பழகுறதுக்கு 22 மாதிரி ஒண்டுமில்லை, கிளப்பில ஒண்டைக் கேட்டு வாங்கிச் சுடுங்கோ.

ஹாமார்_மச்சான்:

நான் குறுக்க வாறன். ஏன் எல்லாரும் புதுத் துவக்கு வாங்கச் சொல்லுறியள்? 6.5×55 கலிபர் எடுத்தா எல்க்குக்கும் அதே, பறவைக்கும் அதே. 1894 இல இருந்து இந்த நாட்டுக் கலிபர். இங்கத்தைக் கிழடுகள் பழைய நோர்வே ஆமியின்ர கிராக் றைபிளால ஃபுல் மெற்றல் போட்டுத்தான் தியூர் அடிச்சதுகள், இறைச்சி ஒண்டும் ஆகாது, ஓட்டை 222 ஐ விட ஒரு நூல் பெரிசு அவ்வளவுதான். ஒரு றைபிள், ஒரு ரிக்கர் (விசை), கை பழகும்.

டிரிபிள்ரூ:

எலும்பில படாட்டி ஒண்டும் ஆகாது. பட்டா என்ன ஆகும் எண்டு நான் போட்டோ போடமாட்டன், சாப்பிட்டுக்கொண்டு வாசிக்கிறவை இருப்பினம்.

பகிடி விட்டிட்டுச் சொன்னா, மச்சான் சொல்லுறதில நியாயம் இருக்கு, கை பழகுறது பெரிய விசயம். ஆனா சத்தம், நாலு கிலோமீற்றர் போற ரவை, ஸ்கியில பாரம், மூண்டையும் சேர்த்துப் பாருங்கோ. அதோட எல்க் ரவையை மறந்து போட்டுப் பறவைக்குச் சுட்ட ஒருத்தனை எனக்குத் தெரியும். இறகு மட்டும் பொறுக்கினவன்.

22 ஹோர்னெற்றை ஒருத்தரும் சொல்லேல்லை. 2.9 கிராம், 800 சொச்சம் வேகம், 120 மீற்றர் வரைக்கும் பறவைக்கெண்டே செய்த மாதிரி, இறைச்சியும் பழுதாகாது, சத்தமும் கம்மி. ரவை கடையில கிடைக்கிறதுதான் பாடு. 223 எண்டா எந்தக் கடையிலயும் இருக்கும், மலிவு, பறவைக்கு 222க்கும் அதுக்கும் வித்தியாசம் சொல்லேலாது. பழைய 222 நல்ல விலைக்கு வந்தா எடுங்கோ, இல்லாட்டி 223 இல ஒரு ரிக்கா றைபிள்.

எல்வெரும்பெடியன்:

எல்லாருக்கும் நன்றி. ஓகஸ்டில இங்க எல்வெரும் வேட்டை-மீன்பிடிச் சந்தை நடந்தது, ஊரே றைபிளும் கூடாரமும்தான், அங்க போய் எல்லாத்தையும் தோளில வைச்சுப் பார்த்தன். கடைசியில சந்தையில எடுக்கேல்லை, ஒரு வயசு போனவர் விக்கிறார் எண்டு நண்பன் சொல்லி, பொலிஸ் அனுமதி எடுத்து, பழைய சாக்கோ விக்சன் 222 வாங்கிட்டன். என்னைவிட வயசு கூட. மரப்பிடியில ஒரு கீறல், அது 70களில ஸ்கியில விழுந்ததாம், அவர் அதைத் தடவிப்போட்டுத்தான் தந்தவர். போல்ற், ரவையை ஏத்துற தண்டு, எண்ணெயில ஓடுறமாதிரி ஓடுது. ஸ்கோப்போட 12க்குள்ள முடிச்சிட்டன், மனிசி சிரிச்சவ.

எல்வெரும்பெடியன்:

அவசரம். நேற்று றேஞ்சுக்குப் போனன், முதல் மூண்டும் நல்லாப் போச்சு, நாலாவது பத்து சென்ரிமீற்றர் இடப்பக்கம், பிறகு மேல, பிறகு பேப்பரிலயே இல்லை. குழல் செத்துப்போச்சோ? கிழவர் ஏமாத்திட்டாரோ?

டிரிபிள்ரூ:

ஸ்கோப்பைத் துவக்கோட பிடிக்கிற வளையம் எங்க வாங்கினது? என்ன சைஸ்?

எல்வெரும்பெடியன்:

ஒரு கடையில, பேர் வேண்டாம். 11 மில்லிமீற்றர் எண்டு தந்தவன். "எல்லாத்துக்கும் பொருந்தும்" எண்டவன்.

டிரிபிள்ரூ:

குழலும் சாகேல்லை, கிழவரும் ஏமாத்தேல்லை. பழைய சாக்கோவின்ர முதுகில இருக்கிற தண்டவாளம் ரெண்டு பக்கமும் சமாந்தரம் இல்லை, ஆப்பு மாதிரி ஒரு பக்கம் அகலிச்சுக்கொண்டு போகும். விரலை வைச்சுத் தடவிப்பார், விளங்கும். அதுக்கெண்டு சாக்கோ வளையம் இருக்கு, அதுதான் போடோணும். சாதாரண 11 மில்லிமீற்றர் ரெண்டு இடத்தில மட்டும் கடிச்சுக்கொண்டு நிக்கும், ஒவ்வொரு வெடிக்கும் ஒரு மயிரிழை நகரும். கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்திட்டு சாக்கோ வளையம் வாங்கு.

இன்னொண்டு, அந்தத் துவக்குக் குழலுக்குள்ள ரவையைச் சுழட்டுற முறுக்கு மெதுவானது, 14 அங்குலத்துக்கு ஒரு சுத்து. 3.2, 3.6 கிராமுக்கு மேல பாரமான ரவை போடாதை, சுழண்டு நிக்காது, பேப்பரில பக்கவாட்டாப் படுத்த ஓட்டை விழும்.

வன்னியான்:

தம்பி, நவம்பர் வாறதுக்கு முதல் போல்ற்றைக் கழட்டி உள்ளுக்க இருக்கிற பழைய எண்ணெயை முழுக்கத் துடை. பழைய துவக்கு எண்டா அதுக்க முப்பது வருசக் கிறீஸ் கிடக்கும், −20 இல தார் மாதிரி இறுகும், ஊசி மெதுவாப் போய்க் குத்தும், "டிக்" எண்டு ஒரு சத்தம், வெடி இல்லை, பறவை உன்னைப் பார்க்கும். எனக்கு நடந்தது. வீட்ட வந்தோண்ண சூட்டு அறைக்க துவக்கைப் பையில இருந்து உடன எடுக்காதை, கண்ணாடியெல்லாம் வேர்த்து, உள்ளுக்க கறள் பிடிக்கும். பையோடயே மூடி மெதுவாச் சூடாகவிட்டு, துடைச்சு, பிறகு அலுமாரிக்க வைச்சுப் பூட்டு.

எல்வெரும்பெடியன்:

டிசம்பர் கதை சொல்லுறன். புது வளையம் போட்டபிறகு 100 மீற்றரில மூண்டு ரவை ஒரு கட்டைவிரல் நகத்துக்குள்ள. மூண்டு சனிக்கிழமை போனம். முதல் கிழமை ஒண்டுமில்லை, மூடுபனி. ரெண்டாம் கிழமை அஞ்சு ஓர்ஹானே, பின்னால வானம், வன்னியான் அண்ணை காதுக்க நிண்டு கத்தினமாதிரி இருந்தது, விட்டிட்டன், நண்பன் பல்லைக் கடிச்சவன்.

மூண்டாம் கிழமை −14. வெள்ளை உடுப்புப் போட்டு, ஒரு மேட்டில ஸ்கியைக் கழட்டிப்போட்டு பையில றைபிளைச் சாத்திப் படுத்துக்கிடந்தன், ஒன்றேகால் மணித்தியாலம், கால் இருக்கோ இல்லையோ தெரியேல்லை. கீழ பள்ளத்தில பேர்ச் வரிசை, அதுக்குப் பின்னால நேர மலைச்சரிவு. நாலு வந்து இருந்துதுகள். தூரமானி 128 எண்டு காட்டிச்சு. கீழ்க்கொப்பில இருக்கிறதைச் சுட்டா மேல இருக்கிறது எழும்பாது எண்டு நண்பன் சொன்னவன், அது சுத்தப் பொய், ஒரு வெடிக்கு எல்லாம் போட்டுது. ஆனா கீழ இருந்தது மட்டும் போகேல்லை. கல்லு விழுந்த மாதிரி பனிக்க விழுந்து ஒரு குழி, குழிக்கு மேல இறகுத்தூள் மெதுவா இறங்கிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தா 1.2 கிலோ, வால் யாழ் வாத்தியம் மாதிரி ரெண்டு பக்கமும் வளைஞ்சு, கண்ணுக்கு மேல அந்தச் சிவப்பு. ஓட்டை தேடித்தான் பிடிச்சது.

இப்ப வீட்டில குளிர்ல தொங்குது. எப்பிடிச் சமைக்கிறது?

உப்சாலா_அக்கா:

வாழ்த்துக்கள் தம்பி! கறுத்த இறைச்சி, கோழி மாதிரிக் கொதிக்கவிடாதேங்கோ, செருப்பாகும். நெஞ்சைத் தனியக் கழட்டி வெண்ணெயில ரெண்டு பக்கமும் வாட்டி, உள்ளுக்க மெல்லிய சிவப்பு இருக்கேக்க இறக்குங்கோ. காலையும் எலும்பையும் கறிக்குப் போடுங்கோ, யாழ்ப்பாணத் தூள், கொஞ்சம் கூடப் பெருஞ்சீரகம், கடைசியில தேங்காய்ப்பால், மெல்லிய நெருப்பில ரெண்டு மணித்தியாலம். தியூர்க் கிழவன் கிடைச்சா மட்டும் ஒரு இரவு பாலில ஊறவிடுங்கோ, பனிக்காலம் முழுக்க பைன் ஊசியிலை திண்டு மருந்து மணம் மணக்கும்.

ஹாமார்_மச்சான்:

நல்லம் மச்சான். நான் ஒண்டு கேக்கட்டே, அந்த விக்சனை எப்பவாவது விக்கிற யோசனை இருந்தா…

எல்வெரும்பெடியன்:

6.5 காணும் எண்டனீங்கள்?

ஹாமார்_மச்சான்:

காணும்தான். சும்மா கேட்டன்.

பதினேழு_ரசிகன்:

நானும் வரிசையில நிக்கிறன், மச்சானுக்குப் பிறகு. என்ர 17 ஐக் கழிச்சுக்கொண்டு மிச்சம் தரலாம்.

எல்வெரும்பெடியன்:

விக்கிறேல்லை. மனிசி அடுத்த வருசம் கோர்ஸுக்குப் போறாவாம், அது தனக்காம், நான் புதுசு வாங்கட்டாம். பட்ஜெற் எவ்வளவு எண்டு இன்னும் சொல்லேல்லை.